செவிகொடுக்கும் தொழில்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில், பேராதனைப் பல்கலைக்கழக மாணவர் ஒருவர் ஆற்றிய உரை)

பள்ளி நாட்களைப் பற்றியும், நான் மேற்கொள்ள விரும்பும் தொழிலைப் பற்றியும் பேசுமாறு செயலாளர் என்னைப் பணித்தார். பட்டப்படிப்பை இன்னும் முடிக்காத ஒருவன் தொழிலைப் பற்றிப் பேசுவது நாற்று நடுமுன் நெல்லுக்கு விலை பேசுவது போலாகும் எனப் பெரியோர்கள் நகைக்கக்கூடும். ஆயினும் ஒப்புக்கொண்டேன். அதற்குக் காரணமுண்டு. சென்ற தைப்பொங்கலுக்கு வீடு சென்றிருந்தபோது என் தாய்மாமன், "படிச்சு முடிச்சு என்னவாகப் போறே?" என்று கேட்டார். "மாணவர்களுக்கு உளவளத்துணை செய்யப் போகிறேன், மாமா" என்றேன். அவர் சற்று யோசித்துவிட்டு, "டொக்டரும் இல்ல, வாத்தியாரும் இல்ல, அப்ப நீ யாருப்பா?" என்றார். அந்தக் கேள்விக்கு விடையாகவே இன்றைய என் பேச்சு அமைகின்றது.

முதலிற் சொல்லைப் பார்ப்போம். ஆங்கிலத்திற் கவுன்சலிங் என வழங்குவதை இலங்கைத் தமிழில் உளவளத்துணை என்கிறோம். இச்சொல்லில் என்னைக் கவர்ந்த பகுதி அதன் கடைசிப் பகுதியாகிய 'துணை' என்பதாகும். இருளில் தனிவழி போகும் ஒருவனுக்கு நாம் துணை போகிறோம். அவனுக்குப் பாதை தெரியும், ஊர் அவனுடையது. நாம் அவனுக்குப் பாதையைக் கற்பிப்பதில்லை; அவனைத் தூக்கிச் செல்வதுமில்லை. அவனுடைய அச்சத்திற் பாதியை நாம் வாங்கிக்கொள்கிறோம். மீதிப் பாதியோடு அவன் வீடு போய்ச் சேருகிறான். மாணவ ஆலோசகர் செய்யும் வேலையும் இதுவே. ஆலோசகர் என்னும் பெயர் கேட்டதும் ஆலோசனைகளை அள்ளி வழங்குபவர் என்றே நாம் எண்ணுகிறோம். அவரோ பெரும்பொழுதும் கேட்டுக்கொண்டிருப்பவர்.

இதனை நான் நூல்களிற் படிக்குமுன் பள்ளியிலேயே கண்டேன். புசல்லாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் பிறந்தவன் நான். என் தாயார் கொழுந்து பறிப்பவர். ஐந்தாம் வகுப்புவரை தோட்டப் பாடசாலையிற் படித்து, புலமைப்பரிசில் பெற்றுக் கண்டி நகரிலுள்ள மிஷன் பாடசாலை ஒன்றில் விடுதி மாணவனாகச் சேர்ந்தேன். லயத்து அறையிலிருந்து கல்லாற் கட்டிய விடுதி மண்டபத்துக்கு வந்த பிள்ளைக்கு எல்லாமே புதுமை. மணியடித்தால் எழவேண்டும், மணியடித்தால் உண்ணவேண்டும், மணியடித்தால் விளக்கணைக்க வேண்டும். காலையில் ஜெபக்கூட்டம். மாலையிற் சைவப் பிள்ளைகளாகிய நாங்கள் நால்வர் விபூதி தரித்துத் தேவாரம் பாடுவதற்கு விடுதியிலே ஓர் அறை தரப்பட்டிருந்தது. அந்த அறையைக் கேட்டு வாங்கித் தந்தவர் கிறிஸ்தவரான எங்கள் விடுதி ஆசிரியரே. மற்றவன் எதை வணங்குகிறான் என்பதை மதிப்பது மற்றவன் என்ன சொல்கிறான் என்பதைக் கேட்பதற்கு முதற்படி என இப்பொழுது எனக்குத் தோன்றுகின்றது.

க.பொ.த. சாதாரணதரப் பரீட்சை முடிந்த ஆண்டிலே என் தந்தையார் மலையில் வழுக்கி விழுந்து கால் முறிந்து படுத்துவிட்டார். வீட்டில் ஒரு சம்பளம் நின்றது. புறக்கோட்டைப் புடைவைக் கடையொன்றில் வேலையிருப்பதாக ஒன்றுவிட்ட அண்ணன் சொல்லியனுப்பினார். நான் பெட்டியைக் கட்டத் தொடங்கினேன். செய்தியறிந்த ஆசிரியர் ஒருவர், "படிப்பை இடையில் விடுபவன் முட்டாள்" என்றார். வேறொருவர், "குடும்பத்தைத் தாங்குபவனே ஆண்பிள்ளை" என்றார். இருவரும் நல்லவர்களே. இருவரும் ஐந்து நிமிடத்தில் எனக்குத் தீர்ப்பு வழங்கிவிட்டனர். விடுதி ஆசிரியர் மட்டும் சமையலறைத் தாழ்வாரத்து வாங்கில் என்னைப் பக்கத்தில் இருத்தி, "என்ன நடந்தது, சொல்லு" என்றார். ஒரு மணிநேரம் அவர் வேறெதுவும் பேசவில்லை.

நான் பேசி அழுது ஓய்ந்த பின்னர் அவர் மூன்று கேள்விகள் கேட்டார். வீட்டிற்கு மாதம் எவ்வளவு பணம் குறைகிறது? தந்தையின் கால் தேற எத்தனை மாதமாகும் என்று டொக்டர் சொன்னார்? இந்தப் பாரம் முழுவதையும் நீதான் சுமக்க வேண்டுமென்று உன்னிடம் யார் சொன்னார்? முதல் இரண்டுக்கும் விடை எனக்குத் தெரியாது. வீட்டுக்குப் போய்க் கேட்டு வந்தேன். மூன்றாவதற்கு விடை, 'ஒருவரும் சொல்லவில்லை' என்பதே. குறைந்த தொகையோ நான் அஞ்சியதிலும் சிறிது. வார இறுதியிற் கீழ்வகுப்புப் பிள்ளைகளுக்கு ரியூசன் கொடுத்தும், விடுதிக் கட்டணத்துக்குச் சலுகை பெற்றும் அந்தச் சில மாதங்களைக் கடந்தேன். முடிவை எடுத்தவன் நான். ஆதலால் உயர்தர வகுப்பின் கடினமான நாட்களிலே பிறரை நோவதற்கு எனக்கு இடமிருக்கவில்லை.

இக்கதையில் இன்னொரு பாதியுமுண்டு. அதே ஆண்டில் என் வகுப்புத் தோழன் ஒருவனும் அதே வாங்கில் அமர்ந்து அதே ஆசிரியரிடம் பேசினான். அவன் படிப்பை விட்டுக் கடைக்குச் செல்லத் தீர்மானித்தான். ஆசிரியர் தடுக்கவில்லை, நற்சான்றிதழ் எழுதிக் கொடுத்து அனுப்பினார். இன்று அவன் கம்பளையிற் சொந்தமாக ஒரு சிறு கடை நடத்துகிறான். மாதக் கடைசியில் எனக்குக் கைமாற்றுத் தருபவனும் அவனே! எங்களில் எவன் சரியாக முடிவெடுத்தான் என்று கேட்டால் என்னால் விடை கூறவியலாது. ஒரே வாங்கிலிருந்து இரண்டு வழிகள் பிரிந்தன. அவரவர் வழியை அவரவரே தெரிந்துகொண்டோம் என்று மட்டுமே கூறுவேன்.

நிற்க. மிஷன் பாடசாலைகள் என்றதும் இச்சபையில் இருவகை எண்ணங்கள் எழுமென்பதை நான் அறிவேன். மதமாற்றத்தை நினைப்போரும் உளர். கற்ற கல்வியை நினைப்போரும் உளர். இரண்டும் வரலாறே. 1823ஆம் ஆண்டு அமெரிக்க மிஷனார் வட்டுக்கோட்டையிற் செமினரியைத் தொடங்கினர். அடுத்த ஆண்டு உடுவிலிலே பெண்களுக்கு விடுதிப் பாடசாலை தோன்றியது. பிள்ளைகளை வீட்டுச் சூழலிலிருந்து பிரித்துத் தம் கண்காணிப்பில் வைத்திருப்பது அவர்கள் நோக்கங்களில் ஒன்று. ஆனால் பிள்ளையை இரவும் பகலும் தன்னுடன் வைத்திருக்கும் பாடசாலை, அவனது பாடத்தோடு பசியையும் நோயையும் வீட்டு நினைவையும் கவனிக்கவேண்டியதாயிற்று. பாடம் கற்பிப்பவருக்குப் புறம்பாகப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ளவும் ஒருவர் வேண்டும் என்னும் எண்ணம் விடுதிகளிலே இவ்வாறு வலுப்பெற்றது.

நம் முன்னோர் அப்பாடசாலைகளில் நல்லதைக் கண்டபோது அதைக் கற்றுக்கொள்ளத் தயங்கவில்லை. ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பாடசாலையிற் கற்று, பின் அங்கேயே கற்பித்து, பீற்றர் பேர்சிவல் பாதிரியாரின் விவிலிய மொழிபெயர்ப்புக்கும் துணைபுரிந்தவர். அவரே 1848இல் வண்ணார்பண்ணையிற் சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவினார். காரைதீவிற் பிறந்த மயில்வாகனம், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் மட்டக்களப்பு அர்ச். மிக்கேல் கல்லூரியிலும் கற்றவர். பின்னர் இராமகிருஷ்ண சங்கத்தில் துறவு பூண்டு சுவாமி விபுலானந்தரானார். 1929இல் கல்லடி உப்போடையிற் சிவானந்த வித்தியாலயத்தைத் தொடங்கி, ஆதரவற்ற பிள்ளைகளையும் அணைத்துக் கல்வி கொடுத்தார். 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது தமிழ்ப் பேராசிரியரானவரும் அவரே. பேராசிரியர் என்றும், யாழ் ஆராய்ச்சியாளர் என்றும் அவரைப் போற்றுகிறோம். பிள்ளைகளுக்கு இல்லமமைத்தவர் என்னும் பெருமையையும் அதே மூச்சிற் சொல்லவேண்டும்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்களின் மூலம் உதவி பெற்ற மிஷன் பாடசாலைகளிற் பெரும்பாலானவை அரசின் பொறுப்பில் வந்தன. மதம் பற்றிய அச்சம் அதனாற் குறைந்தது. ஏழைப் பிள்ளைக்குக் கதவும் திறந்தது. ஆயின் விடுதிகள் பல சுருங்கின. விடுதியோடு விடுதி ஆசிரியரும் மறைந்துபோனார். வகுப்பிற் பிள்ளைகள் பெருகினர், பரீட்சை பெருகியது, ரியூசன் கொட்டில்கள் பெருகின. பிள்ளை சொல்வதை இருந்து கேட்பவர் மட்டுமே அருகினர்.

பேராதனையைப் பற்றிச் சிறிது கூறுகின்றேன். இலங்கைப் பல்கலைக்கழகம் 1942இல் நிறுவப்பட்டது. முதல் துணைவேந்தரான சேர் ஐவர் ஜெனிங்ஸ், மாணவர் விடுதிகளில் வாழ்ந்து கற்கும் பல்கலைக்கழகம் ஒன்றையே கனவு கண்டார். 1952இல் கலைப்பீடம் மகாவலிக் கரைக்கு இடம் பெயர்ந்தது. ஹந்தானை மலையடியிற் கட்டப்பட்ட விடுதிகளுக்கு அருணாசலம், இராமநாதன், ஜயதிலக்க எனப் பெரியோர் பெயர்கள் சூட்டப்பட்டன. ஒவ்வொரு விடுதிக்கும் ஒரு வார்டனும் உபவார்டன்களும் நியமிக்கப்பட்டனர். விடுதியென்பது உறங்குமிடம் மாத்திரமாயின் காவலாளி ஒருவரே போதுமல்லவா? 1954 ஏப்ரிலில் எலிசபெத் மகாராணியார் வந்திருந்த திறப்பு விழாவிலே, பல்கலைக்கழகம் வழக்கத்திலும் அதிகமாகத் திறந்திருப்பதாகக் கோமகன் பிலிப் வேடிக்கையாக அறிவித்தார். அவ்வாசகத்தை இன்றும் நாங்கள் நினைவுகூருகின்றோம். கட்டிடம் திறந்திருப்பது எளிது. மனிதர் திறந்திருப்பதே அரிது.

அத்திறப்பின் மறுபக்கத்தையும் மறைக்காமற் சொல்லவேண்டும். 1975இல் இராமநாதன் விடுதியிற் பகிடிவதைக்குத் தப்ப மாடியிலிருந்து குதித்த மாணவி ஒருவர் நடக்கவியலாதவரானார். 1997இல் பொறியியற்பீடத்துப் புதுமுக மாணவர் ஒருவர் பகிடிவதையின் விளைவாக உயிர் நீத்தார். மறு ஆண்டில், 1998ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டம் பகிடிவதையைத் தண்டனைக்குரிய குற்றமாக்கியது. சட்டம் வேண்டியதே. ஆனால் சட்டம் குற்றம் நடந்த பின்னரே பேசுகின்றது. அச்சத்தோடு அறைக்குள் இருக்கும் மாணவன் அன்றிரவே யாரிடமாவது பேசவேண்டும்.

அவன் யாரிடம் பேசுவான்? தமிழில் உயர்தரம் கற்று வரும் பிள்ளைக்கு மருத்துவம், பொறியியல், விஞ்ஞானம் யாவும் ஆங்கிலத்திற் கற்பிக்கப்படுகின்றன. சுற்றாடலிற் சிங்களம் வழங்குகின்றது. மலையகத் தோட்டங்களிலிருந்து வருவோரிற் பலர் தம் குடும்பத்திலிருந்து பல்கலைக்கழகம் புகும் முதலாமவர்கள். "நானும் இப்படித்தான் முதலாம் வருஷம் தடுமாறினேன்" என்று சொல்ல வீட்டில் அண்ணனோ அக்காவோ இல்லை. பல்கலைக்கழகங்களில் மாணவ ஆலோசகர்கள் இருக்கின்றனர். அவர்களிற் பெரும்பாலோர் விரிவுரைகளுக்கும் பரீட்சைத்தாள்களுக்குமிடையே இப்பணியையும் சுமக்கும் விரிவுரையாளர்கள். அவர்களின் நல்லெண்ணத்தை நான் குறை கூறேன். ஆயினும் பாடத்தை அந்நிய மொழியிற் படித்துவிடலாம். துயரத்தைத் தாய்மொழியிலேதான் சொல்ல முடியும். கண்டி திரித்துவக் கல்லூரியில் 1904 முதல் 1924 வரை அதிபராயிருந்த ஏ. ஜி. பிரேசர் பாதிரியார், ஆங்கிலமே கோலோச்சிய அந்நாளிற் சிங்களமும் தமிழும் கற்பிக்கப்படவேண்டும் என வற்புறுத்தினார். தன் மக்களோடு பேசத் தெரியாதவன் அவர்களுக்கு எவ்வாறு தொண்டு செய்வான் என்னும் கவலையே அதற்கு அடிப்படை. அக்கவலை ஆலோசகருக்கும் பொருந்தும்.

இத்தொழில் மேல்நாட்டில் எவ்வாறு வளர்ந்தது என்பதையும் சுருக்கமாகக் கூறுவேன். 1908இல் அமெரிக்காவின் பொஸ்ரன் நகரிற் பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இளைஞர்களுக்குத் தொழில் வழிகாட்டும் நிலையம் ஒன்றை நிறுவினார். உன்னை நீ அறி, தொழில்களின் இயல்பை அறி, இரண்டையும் பொருத்திப் பார்த்து முடிவுசெய் என்பதே அவர் முறையின் சாரம். 1942இல், நம் பல்கலைக்கழகம் பிறந்த அதே ஆண்டில், கார்ல் றொஜர்ஸ் என்னும் உளவியலாளர் தமது நூலொன்றின் மூலம் இத்துறையையே திருப்பிவிட்டார். நாடி வந்தவர்க்கு வழியை நாம் சொல்லவேண்டியதில்லை. மதிப்போடும் பரிவோடும் கேட்டால் அவரே தம் வழியைக் காண வல்லவர் என்பது அவர் கொள்கை.

இது மேல்நாட்டுச் சரக்கு, நமக்கு எதற்கு என்று எண்ணுவோர்க்குப் பகவத்கீதையை நினைவூட்ட விரும்புகிறேன். வில்லைக் கீழே போட்டுத் தேர்த்தட்டில் அமர்ந்த அருச்சுனன் பேசுகிறான், கை நடுங்குகிறது, வாய் உலர்கிறது என்கிறான், காரணங்களை அடுக்குகிறான். முதல் அத்தியாயம் முடியுமட்டும் கண்ணன் குறுக்கிடவில்லை. படைகளைப் பார் என்று தொடக்கத்திற் கூறியதோடு சரி. இரண்டாம் அத்தியாயத்தில் முதலிற் சிறிது கடிந்துகொள்கிறான். அக்கடிதல் அருச்சுனனை எழுப்பவில்லை. அவன் இன்னும் பேசி, போர் செய்யேன் என்று சொல்லி மௌனமான பின்னரே உபதேசம் பெருகுகின்றது. அத்தனையும் சொல்லிமுடித்த பதினெட்டாம் அத்தியாயத்திற் கண்ணன் கூறுவது யாது? இதை முழுவதும் ஆராய்ந்து பார்; பின் உன் விருப்பப்படி செய் என்பதே. முதலிற் கேட்டான், இறுதியில் முடிவை அவனிடமே விட்டான். அருச்சுனனின் மனச்சோர்வு நிறைந்த அந்த முதல் அத்தியாயத்துக்கும் 'யோகம்' என்றே நம் முன்னோர் பெயரிட்டனர். சோர்வை இழிவென்று கருதியிருந்தால் அப்பெயரைச் சூட்டியிருப்பார்களா?

திருவள்ளுவரும் கல்வியை அடுத்துக் கல்லாமையையும், அதனையடுத்துக் கேள்வியையும் வைத்தார். அக்கேள்வி அறிந்தோர் சொல்வதை மற்றவர் கேட்பது. நான் விரும்பும் தொழிலிலே அது தலைகீழாகின்றது: மூத்தவர் இளையவர் சொல்வதைக் கேட்கிறார். நம் வீடுகளில் முதல்வகைக் கேள்விக்குக் குறைவில்லை. பரீட்சைப் பெறுபேறு வந்த அன்று ஒரு பிள்ளைக்குப் பெரியப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டார், பஸ்ஸில் அறிமுகமானவர் என எத்தனை பேர் புத்தி கூறுகின்றனர்! "உனக்கு எப்படியிருக்கிறது?" என்று கேட்பவர் எத்தனை பேர்?

உயர்தரத்தில் பல்கலைக்கழகத் தகுதி பெறுவோரில் ஏறக்குறைய நாலிலொரு பங்கினருக்கே அரச பல்கலைக்கழகங்களில் இடம் கிடைக்கின்றது. எஞ்சிய மூன்று பங்கினர் தோற்றவர்களல்லர். இடம் போதாமையால் வெளியே நிற்பவர்கள். ஆனால் அவர்களைத் தோற்றவர்களென்றே ஊர் நோக்குகின்றது. அந்த நோக்கு எத்தகைய வேதனையில் முடியக்கூடும் என்பதை இந்நாடு அறியும். 1995இல் இலங்கையில் ஒரு லட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைத் தாமே மாய்த்துக்கொண்டனர். உலகின் மிகவுயர்ந்த விகிதங்களில் ஒன்று அது. பின்னர் அவ்விகிதம் பாதிக்கும் கீழாகக் குறைந்தது. கொடிய பூச்சிநாசினிகள் படிப்படியாகத் தடைசெய்யப்பட்டதே அதற்குப் பெருங்காரணமென ஆய்வாளர் கூறுகின்றனர். இதிலிருந்து நாம் கற்பதென்ன? அந்த வேளையின் இருள் பெரும்பாலும் கடந்து போகும் இருள். அந்நேரத்தில் நஞ்சு கைக்கெட்டாமற் போனமையாற் பலர் பிழைத்து வாழ்ந்தனர். அந்நேரத்தில் ஒரு மனிதர் கைக்கெட்டுவாராயின் இன்னும் பலர் வாழ்வர்.

அப்பணிக்கு இந்நாட்டில் வழிகாட்டிகளும் இல்லாமலில்லை. 1974இல் ஜோன் டி மெல் அம்மையார் தொடங்கிய சுமித்ரயோ, தொண்டர்களைக் கொண்டே துயருற்றோர்க்குச் செவிகொடுத்து வருகின்றது. யாழ்ப்பாணத்தில் 1987இல், போரின் நடுவே, சாந்திகம் தோன்றியது. போர் மக்கள் மனத்தில் விளைத்த காயங்களைப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் ஆராய்ந்து 1998இல் நூலாக வெளியிட்டார். போரும், 2004ஆம் ஆண்டுச் சுனாமியும் வடக்கிலும் கிழக்கிலும் ஆசிரியர் பலரை உளவளத்துணைப் பயிற்சிக்குக் கொண்டுவந்தன. பெருந்துயரம் வந்தபோது கற்றுக்கொண்டோம். அன்றாடத் துயரத்துக்கு அக்கல்வியைப் பயன்படுத்த இனியும் தயங்குவானேன்?

செவிகொடுப்பது இயல்பாக வருவதாயின் அதற்குப் பயிற்சி எதற்கு, சம்பளம் எதற்கு என்று சிலர் கேட்பர். பயிற்சியில்லாத பரிவு தீங்கும் செய்யும். எனக்குத் தெரிந்த ஒரு பாடசாலையிலே மாணவி ஒருத்தி நம்பிச் சொன்ன செய்தி, மறுநாள் ஆசிரியர் அறையிலே தேநீரோடு பரிமாறப்பட்டது. அவள் அதன்பின் அப்பாடசாலைக்கு வரவில்லை. கேட்டதை மறைத்துக் காத்தல், தன் விருப்பத்தை மற்றவன்மேல் ஏற்றாதிருத்தல், தன்னால் இயலாததை அறிந்து உரிய வைத்தியரிடம் அனுப்புதல், உயிருக்கு ஆபத்தென்று கண்டால் தனியே சுமக்காமல் உடனே உதவி தேடுதல்: இவை நால்வகைப் பயிற்சிகள். சமையலறை வாங்கில் என்னருகே இருந்த ஆசிரியருக்கு இவை இயல்பாயமைந்திருந்தன. எல்லாப் பாடசாலைக்கும் அத்தகைய ஒருவர் தற்செயலாக வாய்ப்பார் என்று நம்பியிருக்க முடியாது. ஆகவேதான் இதனைத் தொழிலாகக் கற்கவேண்டுமென்கிறேன்.

இச்சங்கம் செய்யக்கூடியவை சிலவற்றை முன்வைக்கின்றேன். முதலாவது, ஒவ்வோராண்டும் பேராதனைக்கு வரும் புதுமுக மாணவரைப் புகையிரத நிலையத்திலேயே நம் இளைஞர்கள் எதிர்கொண்டு, பெட்டியைத் தூக்கி, விடுதிவரை கூட்டிச் செல்லட்டும். முதல் இரு மாதங்களுக்கு ஒவ்வொருவருக்கும் ஓர் அண்ணனோ அக்காவோ பொறுப்பாயிருக்கட்டும். இரண்டாவது, வாரத்தில் ஒரு மாலை சங்க மண்டபத்தின் ஓர் அறை, பேசவேண்டியோர் வந்து பேசுவதற்காகத் திறந்திருக்கட்டும். அங்கே இருப்போர் முறையாகப் பயிற்சி பெற்றவர்களாயிருக்கட்டும். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்னும் தொலைபேசி இலக்கத்தைக் கதவில் ஒட்டிவைப்போம். அவ்வறைக்குள் எவர் போனார், எதற்குப் போனார் என்னும் பேச்சு வெளியே எழலாகாது.

மூன்றாவது வேண்டுகோள் பெரியோர்களுக்கு. ஒரு பிள்ளை உளவளத்துணையாளரிடம் போனாள் என்றால், "அவளுக்கு என்ன, பைத்தியமா?" என்னும் கேள்வி நம் வீடுகளில் எழுகின்றது. அந்த ஒரு கேள்வி நூறு கதவுகளை மூடிவிடும். கலியாணப் பேச்சுவரை அது தொடருமென்று பெண்பிள்ளைகள் அஞ்சுகின்றனர். காய்ச்சலுக்கு மருந்தெடுப்பதை மறைக்காத நாம், மனச்சோர்வுக்குத் துணை தேடுவதை ஏன் மறைக்கவேண்டும்? இளைஞர்கள் எத்தனை கூட்டம் போட்டாலும் இந்த மாற்றத்தைச் செய்ய வல்லவர்கள் நீங்களே.

இனி என் மாமாவின் கேள்விக்கு வருகிறேன். டொக்டர் நோய்க்கு மருந்து தருகிறார். வாத்தியார் அறியாமைக்குப் பாடம் தருகிறார். நோயுமில்லாமல், அறியாமையுமில்லாமல், எந்தப் பக்கம் திரும்புவதெனத் தெரியாமல் நிற்கும் பிள்ளைக்கு அருகில் இருப்பதும் ஒரு வேலை. அதற்குச் சம்பளம் குறைவாயிருக்கலாம். அரசாங்கத்தில் வெற்றிடங்களும் அதிகமில்லை. வீட்டுக்கடன் இன்னும் இருக்கின்றது. இவையெல்லாம் என் தாயாருக்குத் தெரியும். "ஒனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய், தம்பி, ஆனா நல்லா யோசிச்சுச் செய்" என்றார் அவர். கீதையைப் படித்தறியாத அத்தாயின் வாயிலிருந்து வந்த அந்தச் சொல்லைத் தலைமேற்கொண்டு இப்பாதையில் அடியெடுத்து வைக்கின்றேன்.

இவ்வளவு நேரம் நான் சொன்னதைப் பொறுமையோடு கேட்டீர்கள். இச்சபையினர்க்குச் செவிகொடுக்கத் தெரியும் என்பதற்கு அதுவே சான்று. அந்தச் செவியை நாளை உங்கள் வீட்டுப் பிள்ளைக்கும் கொடுங்கள் என்று வேண்டுகின்றேன்.